விருந்தாளிக்கு ஒரு யுகாத்தா

ஜப்பானில் ஒரே உடைக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. ரியோகான் எனப்படும் மரபுவழி விடுதியில், அறைக்குள் நுழைந்ததும் மடித்து வைத்த பருத்தி யுகாத்தா ஒன்று காத்திருக்கும். விருந்தாளி அதை உடுத்திக்கொண்டு வெந்நீர்க் குளியலுக்குப் போகலாம், இரவு விருந்துக்கு உட்காரலாம், அப்படியே படுத்துத் தூங்கலாம், காலையில் தெருவில் ஒரு நடை போய்வரலாம். அதே நாட்டில் மேற்கத்திய பாணி ஹோட்டல் ஒன்றின் தங்கும் விதிகளைப் புரட்டினால், இரவுடையோடும் அறைச் செருப்போடும் வரவேற்புக் கூடத்துக்கு வரக்கூடாது என்று எழுதியிருக்கும். அங்கேயும் கட்டில்மேல் வைத்திருப்பது பல வேளைகளில் யுகாத்தாவின் வெட்டிலேயே தைத்த உடைதான்.

படுக்கையறை எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்ற இந்தக் கேள்வி இன்று விடுதிக்காரர்களின் தலைவலி. சொகுசுப் பயணம் வரும் விருந்தாளிக்கு ஜப்பானின் பழைய நெசவிலும் சாயத்திலும் ஓய்வுடை தைத்துக் கொடுக்க அவர்கள் ஆசைப்படுகிறார்கள். துணிக்கும் பஞ்சமில்லை, கைத்திறனுக்கும் பஞ்சமில்லை. ஆனால் இந்த உடை வந்த வழியைப் பார்த்தால், நெசவாளரையும் சாயக்காரரையும்விட அதிகாரம் படைத்த மூன்று பேர் அதில் கைவைத்திருப்பது தெரியும்: குளியல், அரசாணை, சலவை.

முதலில் குளியல். ஹெயான் காலத்தில் (794–1185) உயர்குடியினர் நீராவி நிறைந்த சிறு அறையில் உட்கார்ந்து வியர்வை சிந்தியே குளித்தார்கள். சுடும் ஆவி உடம்பில் படாமலிருக்கவும், கூட இருப்பவர்முன் மானம் காக்கவும் நாரிழையில் நெய்த, உள்துணி வைக்காத மெல்லிய அங்கியை அணிந்தார்கள். யுகாத்தபிரா என்ற அந்த அங்கி 10ஆம் நூற்றாண்டின் ‘வாம்யோ ருய்ஜுஷோ’ அகராதியிலேயே பதிவாகியிருக்கிறது. பெயர் தேய்ந்து யுகாத்தா ஆயிற்று. நாரிழைத் துணி ஈரத்தில் உடம்போடு ஒட்டாது, சீக்கிரம் காயும். அதோடு, பருத்தி அன்றைய ஜப்பானில் விளையவில்லை.

விளையவைக்க ஒரு முயற்சி நடந்தது. 799இல் மிக்காவா கடற்கரையில் சிறு படகொன்றில் அந்நிய இளைஞன் ஒருவன் கரையொதுங்கினான், அவனிடம் பருத்தி விதை இருந்தது என்கின்றன அக்காலத்து அரசக் குறிப்புகள். பேச்சு பழகியபின் தான் தென்ஜிக்குவிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வந்தவன் என்று சொன்னானாம். விதைகள் பல பகுதிகளில் விதைக்கப்பட்டன, நிலைக்கவில்லை. அவன் கரையேறியதாகச் சொல்லப்படும் ஐச்சி மாநிலத்து நிஷியோ நகரில் அவன் நினைவாக தென்ஜிக்குக் கோயில் ஒன்று இருக்கிறது. பருத்தி வேரூன்றியது 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான். 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது எளியவர்களின் அன்றாடத் துணியாகிவிட்டது. வியர்வையை உறிஞ்சும், உடம்புக்கு மெத்தென்று இருக்கும், சாயத்தை நன்றாகப் பிடிக்கும் அந்தத் துணியில் யுகாத்தாவுக்கு இரண்டாம் பிறவி.

எடோ நகரின் (இன்றைய டோக்கியோ) முதல் பொதுக்குளியல் கூடம் 1591இல் திறந்ததாகச் சொல்வார்கள். மரவீடுகள் நெருங்கி நின்ற ஊரில் தீ பெரும் பயம். வீட்டில் வெந்நீர் போடுவதைவிடக் காசு கொடுத்துக் கூடத்தில் குளிப்பது எல்லோருக்கும் வசதி. காலப்போக்கில் குளியல் ஆவியிலிருந்து வெந்நீர்த் தொட்டிக்கு மாறியது; குளிக்கும்போது அங்கி தேவைப்படவில்லை. குளித்து முடித்ததும் ஈரம் துவட்ட, வீடு திரும்பும் வழியில் காற்றாட நடக்க, அங்கி தேவைப்பட்டது. அப்படித்தான் குளியல் அங்கி தெருவுக்கு வந்தது. தெருவுக்கு வந்த உடைக்கு அழகும் வேண்டுமே.

அழகைக் கொடுத்தவர்கள் கபுகி நாடக நடிகர்கள். 1741இல் சனோகாவா இச்சிமாட்சு என்ற நடிகர் கட்டம்போட்ட உடையில் மேடையேறினார். நகரமே அந்தக் கட்டத்தை உடுத்தத் தொடங்கியது. இன்றும் அந்தக் கட்டத்துக்கு இச்சிமாட்சு என்றே பெயர். டோக்கியோ 2020 ஒலிம்பிக் சின்னத்தில் இருந்ததும் அதன் வாரிசுதான். ஏழாம் இச்சிகாவா தஞ்சூரோ, மூன்றாம் ஓனோயே கிகுகோரோ போன்றவர்களுக்கும் தங்களுக்கென்று சொந்த வடிவங்கள் இருந்தன. ரசிகர்கள் அவற்றை யுகாத்தாவாக அணிந்துகொண்டு திரிந்தார்கள்.

இரண்டாவது கை அரசாணையுடையது. வணிகர் பட்டு உடுத்தக் கூடாது, பகட்டு நிறம் கூடாது என்று, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனின் ஆட்சி மீண்டும் மீண்டும் ஆணையிட்டது. 1841–43இன் தெம்போ சீர்திருத்தம் அதில் கடுமையானது. கையில் பணம், உடுத்தப் பருத்தி, நிறம் நீலம், பழுப்பு, சாம்பல் மட்டும் என்ற நெருக்கடியில் எடோக்காரர்கள் தங்கள் பகட்டை நுணுக்கத்தில் ஒளித்துவைத்தார்கள். நாகாய்த்தா சூகாத்தா என்ற சாயமுறை அந்த நுணுக்கத்தின் உச்சி. ஏறத்தாழ ஆறரை மீட்டர் நீளப் பலகையில் துணியை விரித்து ஒட்டி, அச்சுத்தாளை வைத்து அரிசிப்பசையை இழுப்பார்கள். காய்ந்ததும் துணியைத் திருப்பி ஒட்டி, பின்புறத்திலும் அதே வடிவத்தை, மயிரிழை பிசகாமல் முன்புறக் கோட்டின்மேல் பொருத்தி மறுபடி இழுப்பார்கள். பிறகு நீலத்தொட்டியில் முக்கினால் பசை விழுந்த இடம் வெள்ளையாக நிற்கும். காற்றில் முனை புரண்டாலும் உட்புறமும் அதே வடிவம் தெரியும். அச்சுத்தாள் வந்தது இசே பகுதியின் ஷிரோகோவிலிருந்து. மல்பெரிக் காகிதத்தைப் பல அடுக்காக ஒட்டி, சீமைப்பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்து, நுண்கத்தியால் செதுக்கியது. நாகாய்த்தா சூகாத்தாவின் இரு கைவினைஞர்களான மாட்சுபாரா சதகிச்சியையும் ஷிமிசு கோதாரோவையும் 1955இல் ஜப்பான் அரசு ‘வாழும் தேசியச் செல்வம்’ என்று அறிவித்தது.

இதுவரை யுகாத்தா ஊர்க்காரரின் உடை. அதைப் பயணியோடு சேர்த்தது எடோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே ஓடிய டோகைடோ நெடுஞ்சாலை. 53 நிலையங்கள் கொண்ட அந்தச் சாலையில், நகோயாவுக்கு அருகே ஆளில்லாத காட்டுப்பகுதி ஒன்று வழிப்போக்கருக்கு ஆபத்தாக இருந்தது. 1608இல் ஓவாரி சிற்றரசு அங்கே சில குடும்பங்களைக் குடியேற்றி அரிமாட்சு என்ற ஊரை உண்டாக்கியது. மண் விவசாயத்துக்கு உதவாது. வாழ வழி தேடிய குடியேறிகளில் ஒருவரான தக்கேதா ஷோகுரோ, நகோயாக் கோட்டை கட்ட வந்த தெற்கத்தி வேலையாட்களின் கைத்துணிகளில் முடிச்சுச் சாயத்தைப் பார்த்து அதைப் பழகிக்கொண்டார். துணியைச் சிட்டிகையாகப் பிடித்து, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, கட்டைப் பிரித்தால் கட்டிய இடம் மட்டும் வெள்ளைப் பூவாக மலரும். மதுரைச் சுங்குடி கட்டும் கைகளுக்கு இந்த வேலையை விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது.

ஷிபோரி என்ற இந்தச் சாயத்துணியை அரிமாட்சுக்காரர்கள் கைத்துணியாகவும் யுகாத்தாத் துணியாகவும் வழிப்போக்கருக்கு விற்றார்கள். எடோவுக்கும் தம் நாட்டுக்கும் முறைவைத்துப் போய்வர வேண்டியிருந்த சிற்றரசர்களின் பரிவாரங்கள் நல்ல வாடிக்கை. ஓவாரி அரசு தொழிலுக்குத் தனியுரிமை கொடுத்துக் காத்தது. 1784இல் ஊர் தீக்கிரையானபின், ஓட்டுக்கூரையும் தடித்த சுண்ணச்சுவரும் வைத்து வீடுகளைக் கட்டினார்கள். அந்தத் தெரு இன்றும் நிற்கிறது. ஓவியர் ஹிரோஷிகே 1830களில் வரைந்த டோகைடோ வரிசையில், அரிமாட்சுக்குப் பக்கத்து நரூமி நிலையத்துப் படம் முழுக்கவே இந்தத் துணிக்கடைகள்தான். கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே பயணி உடையை விலைகொடுத்து வாங்கினார். விடுதி இரவல் தரும் பழக்கம் அந்தக் காட்சியில் இல்லை.

இதே நூற்றாண்டுகளில் ஜப்பானிய ஓய்வுடை கடல் கடந்தும் போயிற்று. நாகசாகியின் தெஜிமா தீவில் அடைபட்டிருந்த டச்சுக் கம்பெனிக்காரர்கள் ஷோகனைக் காண எடோவுக்குப் போனால், பஞ்சு வைத்துத் தைத்த பட்டு அங்கிகள் பரிசாகக் கிடைக்கும். குளிர் மிகுந்த ஹாலந்தில் வீட்டுக்குள் அணிய அதைவிடச் சுகமான உடை வேறில்லை. படித்தவர்களும் பணக்காரர்களும் அதை அணிந்து படம் வரைவித்துக்கொண்டார்கள். டச்சு ஓவியர் வெர்மீரின் ‘வானியலாளர்’ (1668), ‘புவியியலாளர்’ (1669) இரண்டு ஓவியங்களிலும் அறிஞர் போர்த்தியிருப்பது இவ்வகை அங்கியே.

பரிசாக வந்த அங்கிகள் சந்தைக்குப் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்களில் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களும் உண்டு. டச்சுக்காரர்களுக்குப் பழவேற்காட்டிலும் பிறகு நாகப்பட்டினத்திலும் கோட்டையும் கிடங்கும் இருந்தன. இந்தக் கரையின் கைவண்ணச் சீட்டித்துணியில், கிமோனோவின் நேர்வெட்டைப் பின்பற்றித் தைத்த ஆண்களின் வீட்டங்கிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. வடிவம் ஜப்பானுடையது, துணி தமிழ், தெலுங்குக் கடற்கரையுடையது, உடுத்தியவர் ஆம்ஸ்டர்டாம்காரர்.

எதிர்த்திசையிலும் சரக்கு ஓடியது. சோழமண்டலத்தின் மெல்லிய கோடுபோட்ட பருத்தியை டச்சுக் கப்பல்கள் நாகசாகியில் இறக்கின. மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயரால் ‘சந்தோமே’ என்று அங்கே அழைக்கப்பட்ட அந்தக் கோட்டுத்துணிமேல் எடோ ஆண்களுக்குத் தீராத மோகம். ஆடம்பரத் தடைச்சட்டத்தை மீறாத பருத்தி, ஆனால் தொலைதூரச் சரக்கு. இரண்டும் சேர்ந்தால் சும்மா இருப்பார்களா? உள்ளூர் நெசவாளர்கள் அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். 1859இல் யோகோஹாமா துறைமுகம் திறந்து மெல்லிய இயந்திர நூல் வந்தபிறகு, கவாகோயே நகரத்தார் அதே கோடுகளை மலிவாக நெய்து பெயர் வாங்கினார்கள்.

மெய்ஜி காலத்தில் (1868–1912) யுகாத்தா இன்னும் மலிந்தது. காரணம் சூசென் என்ற சாயமுறை. ஏறத்தாழ 12 மீட்டர் துணியை விசிறிமடிப்பாக மடித்துக்கொண்டே, ஒவ்வொரு மடிப்பிலும் அச்சுத்தாள் வைத்துப் பசை இழுப்பார்கள். முழுத்துணியும் ஒரு தலையணை அளவு அடுக்கானதும், மூக்குக் கெண்டியால் மேலிருந்து சாயத்தை ஊற்றுவார்கள். கீழிருந்து உறிஞ்சும் விசை சாயத்தை எல்லா அடுக்கிலும் இறக்கிவிடும். ஒரே வீச்சில் பல நிறம், இருபுறமும் ஒரே அழுத்தம். பலகையில் நாள்கணக்கில் செய்த வேலை சில மணி நேரத்துக்குள் அடங்கியது. ஒசாகாவில் வளர்ந்த இம்முறை டோக்கியோவுக்குப் பரவியது. 1923 செப்டம்பர் 1 நிலநடுக்கம் டோக்கியோவைத் தரைமட்டமாக்கியபோது சாயக்காரர்கள் சிலர் ஹமாமாட்சுவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே பருத்தி நெசவு இருந்தது; துணி உலர்த்த நல்ல காற்று இருந்தது. தறிக்கும் குறைவில்லை: பின்னாளில் மோட்டார் சைக்கிளும் காரும் செய்த சுசூகி நிறுவனம் 1909இல் அந்த ஊரில் தறி செய்யும் பட்டறையாகத்தான் தொடங்கியது.

மலிந்த உடையை விடுதிகள் மொத்தமாக வாங்கி விருந்தாளிக்குத் தரத் தொடங்கின. உடை பயணியின் பெட்டியிலிருந்து விடுதியின் அலமாரிக்கு மாறியது. வெந்நீரூற்று ஊர்களில் இந்த மாற்றம் வேரோடியது. ஜப்பான் கடலோரம் இருக்கும் கினோசாகி அதற்கு நல்ல உதாரணம். அங்கே முன்பு விடுதிகளுக்குள் வெந்நீர்க் குளியல் இருந்ததில்லை. விருந்தாளிகள் தெருவில் நடந்து பொதுக்குளியலுக்குப் போவார்கள். 1925 நிலநடுக்கத்திலும் தீயிலும் ஊர் அழிந்து மறுபடி எழுந்தபோது, 1927இல் ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே வெந்நீர்க் குளியலைக் கட்டியது. ஊற்றுநீர் யாருடையது என்ற வழக்கு மூண்டது. விருந்தாளிகள் உள்ளேயே குளித்துவிட்டால் பொதுக்குளியலையும் தெருக்கடைகளையும் நம்பியவர்களின் பிழைப்பு என்னாவது என்பது ஊராரின் கவலை. சண்டை ஓய 1950 ஆயிற்று. ஊற்று ஊருக்குப் பொது, விடுதிக் குளியல்கள் சிறிதாகவே இருக்க வேண்டும் என்று உடன்பாடு. ஊர் முழுவதும் ஒரே விடுதி, ரயில் நிலையம் வாசல், தெரு நடைக்கூடம், விடுதிகள் அறைகள் என்று ஊரார் இன்றும் சொல்வது அந்த உடன்பாட்டின் வழியில்தான். தெரு நடைக்கூடம் என்றால் யுகாத்தாவோடும் மரச்செருப்போடும் நடப்பதில் தவறென்ன?

போருக்குப் பிந்தைய பயணப் பெருக்கம் யுகாத்தாவை ரயிலிலும் ஏற்றியது. 1958இல் ‘அசகாசே’யோடு தொடங்கிய நீலநிற இரவு ரயில்களின் படுக்கைகளில், தேசிய ரயில்வேயின் சின்னம் அச்சிட்ட யுகாத்தா மடித்து வைக்கப்பட்டது. வானத்தில் வேறு ஏற்பாடு. 1954இல் பசிபிக் கடலைத் தாண்டிப் பறக்கத் தொடங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ், முதல்வகுப்புப் பயணிகளுக்கு ஹாப்பி எனும் குட்டை மேலங்கியைத் தந்தது. திருவிழாக்காரரும் தச்சரும் அணியும் உடை அது. உட்கார்ந்தே வரும் பயணிக்கு நீள அங்கியைவிட அது தோதாக இருந்தது. அதைப் பலர் வீட்டுக்கே கொண்டுபோனார்கள். பழம்பொருள் சேகரிப்போரிடையே அந்த அங்கிகள் இன்றும் கைமாறுகின்றன.

இங்கே மூன்றாவது கை வருகிறது. ஒருவர் வாங்கி உடுத்தும் யுகாத்தா கோடையில் சில தடவை தண்ணீரைப் பார்க்கும். விடுதியின் யுகாத்தாவோ விருந்தாளி மாறும்போதெல்லாம் ஆலைச் சலவைக்குப் போகும்: கொதிநீர், வெளுப்பு மருந்து, கஞ்சி, சுடும் உருளை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஹோட்டல்கள் பெருகியபோது, விரிப்பும் துண்டும் யுகாத்தாவும் வாடகைக்குக் கொடுத்து வெளுத்துத் தரும் நிறுவனங்களும் வளர்ந்தன. இந்தச் சுற்றில் நீலத்தொட்டிச் சாயம் நிற்காது. கையால் கட்டிய ஷிபோரியின் சுருக்கம் உருளைக்கு அடியில் தட்டையாகிவிடும். ஆகவே விடுதி யுகாத்தா, இயந்திரத்தில் ஒருபுறம் மட்டும் அச்சிட்ட துணியானது. பாலியெஸ்டர் கலப்பும் வந்தது. வெள்ளைத்துணியில் நீலக்கோடு, நடுவே விடுதியின் பெயர் என்ற, எல்லா ஊரிலும் ஒன்றுபோலத் தெரியும் அந்த வடிவத்தைச் சலவைக்கூடம்தான் தேர்ந்தெடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

வெட்டையும் அது எளிதாக்கியது. கிமோனோத் துணியின் அகலம் ஏறத்தாழ 36 முதல் 38 செ.மீ.; நேர்க்கோட்டில் வெட்டி, வீணில்லாமல் தைப்பார்கள். பெண்கள் உடுத்தும்போது இடுப்பில் மடித்துச் செருகி நீளத்தைச் சரிசெய்வார்கள். விடுதி யுகாத்தாவில் அந்த மடிப்பு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உடை, உயரம் பார்த்து நான்கைந்து அளவு. குளிர்காலத்தில் மேலே போட்டுக்கொள்ளப் பஞ்சுவைத்த தன்சென் அல்லது குட்டை மேலங்கி. உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும் என்று அறையில் படம்போட்டு வைப்பார்கள். 719இல் அரசாணையாக வந்த முறை அது. வலப்பக்கத்தை மேலே விட்டு உடுத்துவது இறந்தவருக்கு.

இன்றைய சொகுசு விடுதிகள் இந்தச் சலவை யுகாத்தாவிலிருந்துதான் விலகப் பார்க்கின்றன. 2016 ஜூலையில் டோக்கியோவின் ஓத்தேமாச்சியில் திறந்த ஹோஷினோயா டோக்கியோ, 17 மாடிக் கட்டடத்தையே ரியோகானாக நடத்துகிறது. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். மின்தூக்கியில்கூடத் தத்தாமி பாய். கட்டடத்தின் வெளிச்சட்டம் பழைய கிமோனோ வடிவம் ஒன்றின் சாயலில் அமைந்தது. அங்கே விருந்தாளிக்குத் தரும் கிமோனோ, நீண்டு கொடுக்கும் ஜெர்சித் துணியில் தைத்தது. கட்டத் தெரியாதவரும் கட்டலாம். வங்கிகள் நிறைந்த அந்தத் தெருவில் இறங்கி நடக்கவும் செய்யலாம். மரபின் வெட்டை வைத்துக்கொண்டு துணியை மாற்றிய தீர்வு இது.

துணியையே மரபிலிருந்து எடுக்க விரும்புகிறவர்களுக்கு வேலை கூடுதல். கோடைக்கு ஓஜியாச் சிஜிமி இருக்கிறது: 17ஆம் நூற்றாண்டில் உருவான, ராமி நாரில் நெய்து சுருக்கம் ஏற்றி, பனிமேல் விரித்து வெளுக்கும் துணி. யுனெஸ்கோ 2009இல் அதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது; விலை அதற்கேற்பவே. பீவா ஏரியின் மேற்குக்கரையில் நெய்யும் தகாஷிமாச் சிஜிமி, முறுக்கேற்றிய பருத்தியில் அதே சுருக்கத்தைக் கொண்டது. உடம்பில் ஒட்டாது, துவைத்தாலும் தாங்கும், எளியவர்களின் உள்ளாடைக்குப் போன துணி. கியூஷூவின் குருமே கசூரியோ நூலையே கட்டிச் சாயமேற்றி நெய்வது. இனோவே தென் (1788–1869) சிறுமியாக இருந்தபோது, வெளுத்துப்போன துணியில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்து நூலைப் பிரித்து ஆராய்ந்து இதை உருவாக்கினார் என்பார்கள். படம் நெய்ய அவருக்கு உதவிய அவ்வூர்ச் சிறுவன் தனக்கா ஹிசஷிகே, பின்னாளில் தோஷிபாவின் முன்னோடியான பட்டறையை நிறுவியவர். துவைக்கத் துவைக்க மென்மையாகும் அந்தத் துணி ஓய்வுடைக்கு ஏற்றது. ஆனால் கைநீலம், அதாவது கையால் ஏற்றிய நீலச்சாயம், புதிதில் வெள்ளை விரிப்பில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, குளித்த உடம்பில் நேரே படும் உடையைச் சுருக்கப் பருத்தியிலோ கோடு நெய்த துணியிலோ வைத்து, ஷிபோரியையும் கைநீலத்தையும் மேலங்கிக்கும் இடைக்கச்சைக்கும் ஒதுக்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. அவை ஒவ்வொரு நாளும் சலவைக்குப் போக வேண்டியதில்லை. இன்னொரு வழி, விருந்தாளிக்கே உடையை விற்றுவிடுவது. அரிமாட்சுக் கடைக்காரர்கள் டோகைடோவில் செய்த வியாபாரம் அதுதான். வாங்கியவர் ஊர் திரும்பித் துவைக்கும்போது பின்பற்ற வேண்டியவை சீட்டில் இருக்கும்: முதல் சில தடவை தனியாகத் துவைக்கவும், முறுக்கிப் பிழிய வேண்டாம், நிழலில் உலர்த்தவும், சுருக்கத்தின்மேல் இஸ்திரி போட வேண்டாம்.